உடைப்பைக் காவல் காத்த தலைவர்

"நிதி வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும் மனிதர் ஒருவரை உங்களுக்கு நிச்சயம் தெரியும். தெரியாது என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கக்கத்தில் ஒரு ஃபைல், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, "சார், நம்ம மனு இப்ப எந்த மேசையில இருக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி போனில் ஒரு விசாரிப்பு, பேசி முடித்ததும் நம் பக்கம் திரும்பி ஒரு கண்சிமிட்டல், அதன் பிறகு "கொள்கை அளவுல ஒத்துக்கிட்டாங்க" என்று ஒரு பிரகடனம். இப்போது ஞாபகம் வருகிறதல்லவா? எந்த மண்ணிலும் செழிக்கும் இனம் இது. உரம்கூட வேண்டாம், ஒரு அரசாணை வரப்போகிறது என்று யாராவது காதில் ஓதினால் போதும்.

இவர்களில் ஒருவரைக் கிட்டத்தில் பார்ப்போம். வாய்க்கால் பாசனச் சங்கத்தின் தலைவர் அவர். எட்டு வருடமாகத் தலைவர், ஏனென்றால் வேறு யாரும் அந்த நாற்காலியைக் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். அவருடைய ஒரே கோளாறு, சின்ன வேலை எதுவும் அவர் கண்ணில் படாது.

சங்கத்தின் வாய்க்காலில், மதகிலிருந்து அரை மைல் தள்ளி, கரையில் ஒரு ஓட்டை விழுந்தது. ஆரம்பத்தில் அது ஒரு நண்டு வளை. நண்டு குடிமாறிப் போய், தண்ணீர் குடிவந்து, ஓட்டை ஒரு குடம் நுழையும் அளவுக்குப் பெருத்து, வாய்க்கால் தண்ணீரில் பாதி அதன் வழியாகப் பக்கத்து வடிகாலில் இறங்கி, ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மதகைத் திறந்து மூடும் மதகுக்காரர் வந்து சொன்னார்.

"தலைவரே, ஒரு நாள் வேலைங்க. பத்து ஆளு, அம்பது மூட்டை மண்ணு. சாயங்காலத்துக்குள்ள அடைச்சிடலாம்."

வேறொரு மனிதராக இருந்தால் மண்வெட்டியைத் தேடியிருப்பார். நம் தலைவர் அன்று காலைதான் பேப்பரில் ஒரு செய்தி படித்திருந்தார். வாய்க்கால்களிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் வீணாகும் தண்ணீரைப் பள்ளத்தில் குளம் வெட்டித் தேக்கி, பம்பு வைத்து மறுபடி வாய்க்காலுக்கே ஏற்றும் திட்டத்துக்கு அரசாங்கம் நிதி தருகிறதாம். ஒரே நிபந்தனை, தண்ணீர் வீணாகிறது என்று சங்கம் நிரூபிக்க வேண்டும்.

"அடைச்சிட்டா எதைக் காட்டி நிதி கேக்கிறது?" என்றார் தலைவர்.

மதகுக்காரர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அதனால் அவருக்கு இது புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து சங்கத்தின் தகரக்கூரை அறைக்குக் களை வந்துவிட்டது. சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. வராத குளம் நீலத்தில், வராத குழாய் சிவப்பில், வராத பம்பு பச்சையில். குளத்துக்குள் நாலு மீன்களையும் தலைவர் தன் கையாலேயே வரைந்திருந்தார். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டப் புதுக் கத்தரிக்கோல் வாங்கி, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று மூன்று கூட்டம் நடந்து, ஒன்றில் கைகலப்பே வரப் பார்த்தது. கைகலப்பு வருகிற அளவுக்கு ஒரு குளம் உண்மையாகிவிட்டது என்றால் அதை எப்படி இல்லை என்று சொல்வீர்கள்?

அப்புறம் அந்த அளவுப் பலகை. வடிகாலில் அவர் ஒரு பலகை நட்டு, கோடு போட்டு, தினமும் காலை ஆறு மணிக்குக் குனிந்து பார்ப்பார். ஓட்டை வழியாக வந்த தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் பேரன் பிறந்த மாதிரி முகம் மலரும். குறைந்திருந்தால் அன்று வீட்டில் சாப்பாடு இறங்காது. "இருபத்தி நாலு!" என்று கரையிலிருந்தே அவர் கத்துவதைக் கேட்டு, ஏதோ பரீட்சை மார்க்கு என்று நினைத்து வழிப்போக்கர் ஒருவர் வாழ்த்திவிட்டுப் போனாராம்.

எல்லாம் சரி, அந்தத் தண்ணீர் போக வேண்டிய இடம் எது? அங்கேதான் சிக்கல். வாய்க்காலின் கடைமடையில், அதாவது கடைசிக் கோடியில், தலைவரின் கூடப்பிறந்த தங்கை மக்காச்சோளம் போட்டிருந்தாள். கணவன் வெளியூரில் லாரி ஓட்டுகிறவன், நிலத்தைப் பார்ப்பது அவள்தான். அந்த வருடம் வேறு வருமானம் கிடையாது. பயிர் கதிர் பிடிக்கிற நேரம். ஒரு வாரம் தண்ணீர் தவறினால் மாட்டுக்குத் தட்டை மிஞ்சும், மனுஷருக்கு ஒன்றும் மிஞ்சாது. தண்ணீரோ அவள் வயலுக்கு மூன்று வயல் முன்னாலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

அவள் சங்கத்துக்கு வந்தாள். தலைவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார், வரைபடத்தின் முன்னால் நிறுத்தினார்.

"இதோ பாரு, உன் நெலம். குழாய் நேரா உன் வரப்புக்கே வருது. அடுத்த வருஷம் நீ தண்ணி போதும் போதும்னு சொல்லப் போற."

"அண்ணே, என் பயிர் இந்த வாரம் கேக்குது. அடுத்த வருஷம் கேக்கல."

"பெருசா யோசிம்மா."

"நான் மூணு ஏக்கருக்குத்தான் யோசிக்க முடியும்ணே. அந்த ஓட்டைய அடைச்சிடுங்க. ஒரு நாள் வேலையாம்ல?"

"எவன் சொன்னான்?" என்று தலைவர் மதகுக்காரரைத் தேடினார். மதகுக்காரர் திடீரென்று ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தங்கை மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று நினைத்தால் அது பெரிய பாவம். அவர் சின்ன வயதில் தோளில் தூக்கி வளர்த்த பெண். அவள் போனதும் மனசு கேட்காமல் டிராக்டரில் ஆறு பீப்பாய்களை ஏற்றி, வடிகால் தண்ணீரை அள்ளி, அவள் வயலுக்குக் கொண்டுபோய் ஊற்றினார். முதுகு ஒடிய மூன்று நாள் ஊற்றினார். ஆனால் பீப்பாயை எங்கே நிரப்பினார் தெரியுமா? அளவுப் பலகைக்குக் கீழ்ப்பக்கம், தண்ணீர் அதைத் தாண்டிய பிறகு. மேலே அள்ளினால் சென்டிமீட்டர் குறைந்துவிடுமே! மூன்று நாளில் நாலு வரிசைச் சோளம் நனைந்தது, மீதி நாற்பது வரிசை அவரைப் பார்த்துக்கொண்டே காய்ந்தது.

இந்த நிலையில் கடிதம் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பொறியாளர் நேரில் வந்து, வீணாகும் தண்ணீரை அளந்துவிட்டுப் போவார். எட்டு வருடத்தில் அரசாங்கம் அவருக்கு எழுதிய முதல் கடிதம். அதை அவர் வீட்டில் நாலு தடவை உரக்கப் படித்தார். நாலாவது தடவை அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பலகையைப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. பதினொன்று! நேற்றுவரை இருபத்தாறு. ஓடிப்போய்ப் பார்த்தால், வாய்க்காலில் மிதந்து வந்த சருகும் வேரும் பாசியும் சேர்ந்து ஓட்டையைத் தாமாகவே அடைத்துக்கொண்டிருந்தன. அரசாங்கம் செய்யாத வேலையை, சங்கம் செய்யாத வேலையை, குப்பை செய்துகொண்டிருந்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்கால் தண்ணீரில் இறங்கினார். கை கையாகச் சருகை வாரி வெளியே எறிந்தார், கம்பு விட்டுக் குடைந்தார், கரை மண்ணும் கொஞ்சம் சரிந்து விழ, ஓட்டை இப்போது ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு அகன்றது. தண்ணீர் "ஹோ" என்று வடிகாலுக்குப் பாய்ந்தது. "அப்பாடா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

கரைமேல் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் அவர் கையிலிருந்த பாசியைப் பார்த்தாள், பாய்கிற தண்ணீரைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். "தங்கச்சி, இது அளவுக்காக..." என்று அவர் ஆரம்பித்தது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இதற்கு அவள் நின்று நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. அவமானமாக இருந்தது. இருந்தாலும் போகிற வழியில் பலகையைப் பார்க்கத் தவறவில்லை. முப்பத்தொன்று.

மறுநாள் எட்டரை மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் கரைக்கு வந்தால், கடைமடை ஆட்கள் பத்துப் பேர் மண்மூட்டைகளோடு நிற்கிறார்கள். முன்னால் தங்கை. பின்னால், யாரையும் தெரியாத மாதிரி, மதகுக்காரர்.

"இன்னிக்கு ஒரு நாள்! பத்து மணிக்கு அளந்துட்டுப் போயிடுவாங்க, அப்புறம் நானே மூட்டை தூக்கறேன்!"

"நேத்து நீங்க தூக்கினதப் பாத்தேன்ணே," என்றாள் தங்கை. "தள்ளுங்க."

தலைவருக்கு வேறு வழி தோன்றவில்லை. இஸ்திரி சட்டையோடு வாய்க்காலில் குதித்தார், இரண்டு கையையும் விரித்து ஓட்டைக்குக் குறுக்கே நின்றார். "என்னைத் தாண்டி ஒரு மூட்டை விழட்டும் பாக்கலாம்!" என்றார். ஒரு அடி பின்வாங்கினார். பாய்கிற தண்ணீர் பின்னாலிருந்து இழுத்தது, கால் வழுக்கியது, அந்த அகலமான உடம்பு அந்த அகலமான ஓட்டையில், அளவெடுத்துச் செய்த மாதிரி, போய் உட்கார்ந்துவிட்டது.

தண்ணீர் நின்றுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க மறந்துவிட்டார்கள். வாய்க்கால் மெல்ல உயர்ந்தது. தலைவரின் வயிறுவரை வந்தது, சட்டைப் பைக்கு வந்தது, மூன்று நிறப் பேனாக்களும் மிதந்தன, பிறகு தண்ணீர் ஒரு முடிவுக்கு வந்து கடைமடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தது.

"தலைவரே, அசையாதீங்க!" என்று மதகுக்காரர் கத்தினார். "அப்பிடியே இருங்க, போகுது, கீழ போகுது!"

பத்து மணிக்கு ஜீப் வந்தபோது காட்சி இப்படித்தான் இருந்தது. பொறியாளர் அம்மா இறங்கி வடிகாலுக்குப் போனார், பலகையைப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"முப்பத்தொண்ணுன்னு போன்ல சொன்னீங்க. அங்க சேறுதான் இருக்கு. கசிவு எங்க?"

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன் அடித்தது. அவள் வயலில் நின்ற பக்கத்து வயல்காரியின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "வந்துடுச்சுடி! தண்ணி உன் வரப்புக்கு வந்துடுச்சு!" தங்கை போனைக் காதில் வைத்தபடி அண்ணனைப் பார்த்தாள். எழுந்திருங்கள் என்றோ எழாதீர்கள் என்றோ அந்தப் பார்வை சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?" என்றார் பொறியாளர் அம்மா. "உங்களுக்குப் பின்னால என்னன்னு பாக்கணும்."

எழுந்தால் போதும். குளம், குழாய், பம்பு, நாலு மீன், கல்வெட்டில் முதல் பெயர், எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் தயாராக இருந்தன. தலைவர் ஒரு கையை ஊன்றினார். தங்கையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"எழுந்திரிக்க முடியாது மேடம்," என்றார். "மூட்டு வலி. தினமும் காலையில இப்பிடித் தண்ணில உக்காரச் சொல்லி வைத்தியர் சொல்லியிருக்காரு."

பொறியாளர் அம்மா அவரையும், மண்மூட்டைகளையும், சுற்றி நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கசிவு இல்லை, பராமரிப்பு நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் மூட்டு வலிக்காரர் ஒரே துள்ளலில் எழுந்து முதல் மூட்டையை ஓட்டைக்குள் தள்ளினார். இரண்டாவதைத் தங்கை நீட்டினாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சோளம் கதிர் பிடித்தது, நன்றாகவே.

மனிதர் திருந்திவிட்டார் என்று கைதட்டக் கையைத் தூக்கியிருப்பீர்கள். இறக்குங்கள். போன மழையில் சங்கத்தின் தகரக்கூரை ஒழுகியது. மதகுக்காரர் ஏணியும் ஒரு உருண்டை தாரும் கொண்டுவந்தார். "ஏணிய இறக்குய்யா," என்றார் தலைவர். "சங்கக் கட்டடத்துக்கெல்லாம் புதுசா ஒரு திட்டம் வருதாம்."

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு உங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே ஒரு குழாய் சொட்டுகிறது. வீட்டையே இடித்துக் கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அடியில் ஒரு வாளியை வைத்தது நீங்கள்தான். அதைத் தினமும் தூக்கிக் கொட்டுவது வேறு யாரோ. பரவாயில்லை, அது உங்கள் குடும்ப விஷயம். ஒன்றே ஒன்றை மட்டும் கவனியுங்கள். நேற்றைவிட இன்று வாளி சீக்கிரம் நிரம்பியிருந்தால், "நான் அப்பவே சொன்னேன்ல, மொத்தமா மாத்தணும்னு" என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்க்கிறதா?