சண்டை போட இருபது நிமிஷம்

கர்த்தரே நேரில் வந்தாலும் ஒரு டோக்கனைக் கொடுத்து, "அந்த நாற்காலில உக்காருங்க, கூப்பிடுவேன்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்தச் சிங்கப்பூரில் டோக்கன் ஆன்ட்டிதான். அவருடைய உண்மையான பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை.

சிராங்கூன் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே தள்ளி எங்கள் சபை. வெளிநாட்டு ஊழியர்களுக்காக அதன் கீழ்த்தளத்தில் ஒரு பொழுதுபோக்கு மையம் நடத்துகிறோம். இரண்டு டேபிள் டென்னிஸ் மேசை, நான்கு கேரம் போர்டு, ஒரு டிவி, ஒரு சோபா, மூலையில் ஒரு ஜெப அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்து விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். அந்த மையத்தை ஆன்ட்டி கையில் கொடுத்தோம். அவர் முப்பது வருஷம் ஒரு அரசாங்கப் பாலிகிளினிக் கவுண்ட்டரில் நம்பர் கூப்பிட்டு ஓய்வு பெற்றவர். என்ன நடக்கும் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

வந்த முதல் வாரமே நீல பிளாஸ்டிக் வில்லைகளில் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். கேரம் ஆட டோக்கன். சோபாவில் தூங்க டோக்கன். பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவக்கூட டோக்கன். ஒருநாள் எங்கள் பாஸ்டர் ஆசையாக டேபிள் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

"பாஸ்டர், உங்களுக்குப் பதினேழு. இப்போ பதினொண்ணுதான் ஆடிட்டு இருக்கு லா."

பாஸ்டர் மட்டையை வைத்துவிட்டு ஒரு வெல்டருக்கும் ஒரு பெயிண்டருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். நான் ஆன்ட்டியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாஸ்டர் என்னைப் பார்த்து, "சும்மா இரும்மா, எனக்கு முன்னாடி ஆறு பேர்தான்" என்றார்.

நான் சபைக் குழுவின் செயலாளர். கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவது என் வேலை. அந்த வருஷம் கூட்டம் கூட்டமாக நான் எழுதியது ஒரே விஷயத்தைத்தான். இந்த மையம் கர்த்தருடைய ஊழியமா, இல்லை வெறும் கிளப்பா?

கேள்வியைக் கிளப்பியவர் எங்கள் மூப்பர் ஜெபராஜ் அங்கிள். வெயில் எப்படி அடித்தாலும் முழுக்கை வெள்ளைச் சட்டையும் டையும் இல்லாமல் சபைக்கு வரமாட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லத்தான் கர்த்தர் நம்மை அனுப்பியிருக்கிறார், கேரம் காயின் வாங்கிக் கொடுக்க இல்லை என்பது அவர் வாதம்.

"இத்தனை மாசமா நடத்துறோம். எத்தனை ஆத்துமா வந்திருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

ஆன்ட்டியையும் அன்று கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். "ஆத்துமா கணக்கு எனக்குத் தெரியாது அங்கிள். உடம்பு அறுபது வருது. எல்லாம் ரொம்ப அசதியா வருது."

"அவங்க மோட்சத்துக்கு நாம என்ன பண்றோம்?"

"மோட்சத்துக்கு என்கிட்ட டோக்கன் இல்லீங்க."

இதை எப்படிக் குறிப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'விவாதம் நடந்தது' என்று எழுதிக்கொண்டேன். மையத்தை மூடிவிட்டு அந்த இடத்தை இளைஞர்களின் இசைப் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. முடிவெடுப்பதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

அடுத்த ஞாயிறு மதியம் ஐந்து பேர் சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கினோம். டேபிள் டென்னிஸ் மேசை காலி. கேரம் போர்டில் இரண்டே பேர். ஆனால் ஜெப அறை வாசலில் ஒன்பது பேர் வரிசையாக, கையில் டோக்கனோடு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெபராஜ் அங்கிளின் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை பேரும் ஜெபத்துக்கா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாங்களும் நெகிழ்ந்து போனோம்.

அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. "உங்கம்மா சொன்னா நீ ஏன்டி தலையாட்டின? நான் ஒருத்தன் இங்க உசிரோட இருக்கேனா இல்லையா?"

அங்கிள் திடுக்கிட்டுப் போனார். "யார்கிட்ட ஜெபம் பண்றான்?"

"பொண்டாட்டிகிட்ட" என்றார் ஆன்ட்டி.

கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இப்போதுதான் அதைப் படித்தோம். 'ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம். சண்டை போடலாம். அழலாம். சுவரைக் குத்தக் கூடாது, அது சபைச் சுவர்.'

அங்கேயே, நின்றபடியே விசாரணை நடந்தது. ஆன்ட்டி ஒளிக்காமல் சொன்னார். செல்வராசு என்று ஒருவன், கப்பல் பட்டறையில் வெல்டர், அறந்தாங்கிப் பக்கம். வாராவாரம் வருவான், எதிலும் சேராமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பான். என்னப்பா, ஆடத் தெரியாதா என்று ஆன்ட்டி கேட்டிருக்கிறார். ஆடத் தெரியும் ஆன்ட்டி, பேசத்தான் இடமில்ல என்றிருக்கிறான். விடுதியில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர். மனைவியோடு பேசினால் பதினோரு பேர் கேட்கிறார்கள். அதனால் இரண்டு வருஷமாக 'சாப்பிட்டியா, பிள்ளைங்க நல்லாருக்கா, வச்சிரட்டா' என்பதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை.

"நீங்க டேபிள் டென்னிஸ் வாங்கிக் கொடுத்தீங்க" என்றார் ஆன்ட்டி. "அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு. கேட்டா சொல்லியிருப்பான். நாம கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. மேசைகளைக் கடையில் போய்த் தேர்ந்தெடுத்தவள் நான்தான். ஆனால் ஜெபராஜ் அங்கிள் அசையவில்லை. ஜெபம் பண்ண ஒதுக்கிய அறையில் 'வாடி போடி' என்று பேசுவது அவருக்கு ஜீரணமாகவில்லை. அன்று மாலையே கூட்டம் போட்டோம். 'ஜெப அறையில் தொலைபேசி உரையாடல்களுக்கு இனி அனுமதியில்லை' என்று தீர்மானம். எழுதியது நான். ஆன்ட்டி வாங்கிப் படித்தார், இரண்டாவது முறையும் நிதானமாகப் படித்தார், சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். எதிர்த்து ஒரு வார்த்தைகூட வராதபோதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

மேலே ஆராதனை மண்டபத்தின் கடைசியில் ஒரு சின்ன அறை உண்டு. கைக்குழந்தைக்காரர்கள் உட்காருவதற்கு. குழந்தை எவ்வளவு வீறிட்டாலும் சத்தம் வெளியே வராது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளேயிருந்து தாய்மார்கள் பிரசங்கத்தைப் பார்க்கலாம். சபையாருக்கு அந்த அறை முதுகுப் பக்கம். பிரசங்கம் செய்பவருக்கு மட்டும் நேர் எதிரே.

அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணி ஆராதனை. பாஸ்டர் குடும்ப சமாதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் தடுமாற ஆரம்பித்தார். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொன்னார். அவர் கண் எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ நிலைகுத்தி இருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தோம்.

கண்ணாடிக்குப் பின்னால், பொம்மைகளுக்கும் குட்டி நாற்காலிகளுக்கும் நடுவில், ஒரு ஆள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு சத்தமும் இல்லை. வாய் மட்டும் படுவேகமாக அசைந்தது. 'விட்டுக்கொடுத்துப் போக வேண்டும்' என்று பாஸ்டர் சொன்ன நொடியில் அவன் நெற்றியில் அறைந்துகொண்டான்.

ஜெபராஜ் அங்கிள் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தீர்மானம் என்னம்மா எழுதின?"

"ஜெப அறையில் கூடாதுன்னு."

"ஜெப அறையில மட்டுமா?"

நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவன் இருபது நிமிஷமும் சிரித்துக்கொண்டே இருந்தான். அவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்குப் பிறகு செல்வராசு உள்ளே வந்தான். போனைக் குழந்தைகளின் குட்டி மேசையில் ஒரு கரடிப் பொம்மை மேல் சாய்த்து நிறுத்தினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றான். பிறகு சட்டையைக் கழற்றினான்.

சபை முழுக்க ஒரு சலசலப்பு. பாஸ்டர் வாயைத் திறந்தபடி நிறுத்திவிட்டார். செல்வராசு வெற்று மார்போடு இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, குப்புற விழுந்து கும்பிட்டான். கண்ணாடி வழியாக எங்களுக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.

ஜெபராஜ் அங்கிள் எழுந்தார். அவர் நடந்த வேகத்தைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த அறையின் கதவு நடைபாதைப் பக்கம் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார்.

"கதவைத் திறங்க" என்றார் அங்கிள்.

"டோக்கன் இருக்கா?"

அங்கிளின் கழுத்து நரம்பு புடைத்தது. "தேவனுடைய வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? சட்டையக் கழட்டிட்டு, விழுந்து கும்பிட்டுட்டு—"

ஆன்ட்டி குரலை உயர்த்தவில்லை. "அவங்கப்பா நேத்து இறந்துட்டாரு அங்கிள். டிக்கெட் நாளைக்குத்தான் கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் வச்சிருக்க முடியாதாம். இப்போ அங்க எடுத்துட்டாங்க. தம்பிதான் கொள்ளி வைக்கிறான். இவன் மூத்தவன். இன்னும் பத்து நிமிஷம் கொடுங்க."

அங்கிள் திரும்பிப் போகவில்லை. கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். மண்டபத்தில் பாஸ்டர் பிரசங்கத்தை அப்படியே முடித்துக்கொண்டு எல்லோரையும் மௌனமாக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, சபைக்கும் தெரியாது. எங்கள் பாஸ்டர் குறித்த நேரத்துக்கு முன்னால் முடித்தது அன்று ஒருநாள்தான்.

கதவு திறந்தது. செல்வராசு சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான். டை கட்டிய பெரிய மனிதர் ஒருவர் எதிரே நிற்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டான்.

"சாரி சார்" என்றான். "முடிஞ்சிருச்சு சார்."

ஜெபராஜ் அங்கிள் தொண்டையைச் செருமினார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"குளிக்கணும்ல தம்பி?"

செல்வராசு விழித்தான்.

"எரிச்சுட்டு வந்தா குளிக்கணும்ல. வா" என்றார். அவன் தோளில் கையைப் போட்டு பாஸ்டரின் அலுவலக அறைக்குப் பின்னாலிருக்கும் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கார் பார்க்குக்குப் போய்த் தன் டவலையும் ஒரு டீசட்டையையும் எடுத்து வந்தார். அவன் குளித்து முடிக்கும்வரை வாசலில் காவல் நின்றார். அந்த வருஷம் முழுக்க நான் பட்ட அதிர்ச்சிகளை ஒரு தட்டில் வைத்தாலும் இது ஒன்றே கனம்.

ஆன்ட்டி அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் போட்டிருந்த நாற்காலி வரிசையில் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். அடுத்த எண்ணைக் கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. முப்பது வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்து கூப்பிட்ட தொண்டை. நான்தான் குனிந்து, பக்கத்தில் இருந்தவன் கையில் பார்த்து, "பதிமூணு" என்றேன்.

அதற்கடுத்த கூட்டத்தில் மையத்தை மூடுவதா என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் மூப்பரைப் பார்த்தார்கள். அவர் மேசையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"இது ஊழியமா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டு இருந்தேன். மூட வேணாம்."

ஆனால் முழுக்க மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடி அறையில் பேசலாம், ஆனால் ஆராதனை நேரத்தில் கூடாது, கண்ணாடிக்குத் திரை போட வேண்டும், உள்ளே ஒரு வேதாகமம் இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை வைத்தார். ஆன்ட்டி மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார். பழைய பாடகர் குழு அங்கிகளை வெட்டித் திரை தைத்தார். வேதாகமத்தை அங்கிளே கொண்டுவந்து மேசையில் வைத்தார். வீடியோ காலுக்குப் போனைச் சாய்த்து வைக்க அதன் கனம் சரியாக இருக்கிறது என்று ஆட்கள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் பதறிப்போய் அங்கிளிடம் சொன்னேன். "தெரியும்மா. கீழ விழாம இருந்தா சரி" என்றார்.

செல்வராசு ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பி வந்தான். அவன் கிறிஸ்தவன் ஆகவில்லை, ஆகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஞாயிறு தவறாமல் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, முகம் தெளிந்து வந்து, கேரமில் தோற்றுக்கொண்டிருந்தான். ஒருமுறை அங்கிளிடமும் தோற்றான்.

மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது ஆன்ட்டியால் படி ஏறி இறங்க முடிவதில்லை. கிளமெண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கிறேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றுதான் ஒவ்வொரு முறையும் வரவேற்கிறார். எனக்கு வேலை நிறைய இருக்கிறது. ஆனாலும் நான் போக முடியாமல், அவர் அப்படிக் கேட்காத வாரம் எனக்கு ஒரு வாரமாகவே தோன்றுவதில்லை.