ஏசி கேட்ட கேபினெட்

இந்தக் கோடையில் ஏசி என் அறைக்குத்தான் என்று முடிவு செய்தேன். முடிவெடுத்தது நான். அறிவித்ததும் நான். வாய் திறக்காமல் ஒப்புக்கொண்டது சுவர் மட்டும்.

கோவை கணபதியில் எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் வெயிலுக்கென்றே நேர்ந்துவிட்டவை. ஒன்றில் நான் உட்கார்ந்து பம்ப்செட் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிறேன். இன்னொன்றில் என் மனைவி லோகப்பிரியா பிளவுஸ் தைக்கிறாள். இந்த வருஷம் ஒரே ஒரு ஏசி வாங்குவது என்பதில் வீட்டில் சண்டையே இல்லை. எந்த அறைக்கு என்பதில்தான் பானிபட் நடந்தது.

"ஏனுங்க, ஃபேன் போட்டா லைனிங் துணி பறக்குதுங்க. நிறுத்துனா வேர்வை துணி மேலயே சொட்டுதுங்க. நான் எப்படித் தைக்கிறது?"

"அம்மணி, நீ மனுஷி, தாங்கிக்குவ. கம்ப்யூட்டர் தாங்குமா? மத்தியானம் ரெண்டு மணியானா சூடேறி ஹேங் ஆயிப்போகுது."

"அப்ப ஏசி கம்ப்யூட்டருக்குத்தானுங்க. உங்களுக்கில்லீங்களே?"

"எனக்கெதுக்கு? நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இருபது வருஷமாக எனக்கு அர்த்தம் தெரியும். தெரிந்து என்ன பயன்?

"கம்ப்யூட்டரச் சுத்தி இருக்கற அந்தக் கேபினெட்டுப் பொட்டில காத்துப் போக வழியே இல்லீங்க. அதுக்குள்ள அடைச்சு வெச்சுப்போட்டு ஏசி கேட்டா எப்படி? நல்ல காத்தோட்டமா ஒரு கேபினெட் வாங்கி மாத்துங்க. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ஓட்டிப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துல ஹேங் ஆச்சுன்னா ஏசி உங்க ரூமுக்கு. ஆகலீன்னா என் ரூமுக்கு."

உடனே ஒத்துக்கொண்டேன். கேபினெட்டைத் தேர்ந்தெடுக்கப்போவது நானல்லவா!

மூன்று நாள் விழுந்து விழுந்து படித்தேன். முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று முன்னால் நுழைய வேண்டும். சூடான காற்று பின்னாலும் மேலேயும் வெளியேற வேண்டும். நல்ல கேபினெட்டின் லட்சணங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இதில் ஒன்றுகூட இல்லாத கேபினெட்டாகப் பார்த்து வாங்குவதுதான் என் திட்டம். காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அப்படி ஒன்று இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கொசு நுழையக்கூட ஓட்டை இல்லை. பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் அதை வாங்கக் கடைக்கு லோகப்பிரியாவும் கிளம்பி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இதுல காத்து எது வழியாங்க போகும்?" என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டாள்.

கடைக்காரர் ரைஹான் நேர்மையானவர். வியாபாரத்தில் இருக்கக் கூடாத குணம். "உள்ளதச் சொல்லட்டுங்களாக்கா? இது ஷோவுக்குத்தானுங்க. காத்துக்கு இதப் பாருங்க" என்று முன்பக்கம் வலை போட்ட கறுப்புக் கேபினெட் ஒன்றை எடுத்து வைத்தார்.

அவள் குனிந்து வலையில் வாய் வைத்து ஊதினாள். கேபினெட்டுக்குப் பின்னால் நின்ற என் வயிற்றில் காற்று பட்டது.

"இதையே குடுத்துருங்க" என்றாள்.

நான் சோர்ந்துவிடவில்லை. கேபினெட் அவளுடையதாக இருக்கலாம், அதில் ஃபேன் மாட்டுவது நான்தானே! மொத்தம் ஐந்து ஃபேன். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, மேலே ஒன்று. முன்னாலுள்ளவை காற்றை உள்ளே இழுக்க வேண்டும், மற்ற இரண்டும் வெளியே தள்ள வேண்டும். அந்த இரண்டையும் திருப்பிப்போட்டு மாட்டினேன். இப்போது ஐந்தும் உள்ளே இழுத்தன. எல்லாக் கதவிலும் ஆள் ஏறி, ஒருவரும் இறங்காத காங்கேயம் பஸ் மாதிரி சூடு உள்ளேயே நெரிந்தது. செவ்வாய்க்கிழமை ரகசியமாக ஓட்டிப் பார்த்தேன். இருபதே நிமிஷத்தில் ஹேங்! அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை ஒரு கம்பெனியில் டிராயிங் கொடுக்கப் பீளமேடு போய்விட்டு வந்தேன். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு நடுவராகப் பக்கத்து வீட்டு கிருபாசங்கர் வந்து உட்கார்ந்தார். பஞ்சாயத்து என்றால் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்.

இருப்பதிலேயே கனமான டிராயிங்கைத் திறந்து ஓடவிட்டேன். ஐந்தடுக்கு சப்மெர்சிபிள் பம்ப். வெளியே வெயில் கொளுத்தியது.

இருபது நிமிஷம் ஆயிற்று. ஓடியது.

நாற்பது நிமிஷம். அப்போதும் ஓடியது. நான்தான் ஹேங் ஆகிவிடுவேன் போலிருந்தது.

"மணி மூணுங்க" என்றார் கிருபாசங்கர். கேபினெட்டின் பின்னால் கையை வைத்தார். "அடேங்கப்பா! சூடெல்லாம் இப்படி வெளிய வந்துருதுங்களே!"

வெளியேவா? நானும் கை வைத்துப் பார்த்தேன். வெளியேதான்.

"நேத்து நீங்க பீளமேடு போனப்ப இந்த ஃபேனயெல்லாம் பாத்தேனுங்க" என்றாள் லோகப்பிரியா, ஒரு துணியை மடித்துக்கொண்டே. "கருமத்தம்பட்டில எங்கப்பா தறிக்குடோன்ல ஃபேன் மாட்டுனா, நூல்ல துளி பஞ்சக் கட்டிக் காட்டித்தான் பாப்போமுங்க, காத்து உள்ள வருதா வெளிய போகுதான்னு. இங்கயும் காட்டுனேன். அஞ்சும் உள்ளயே இழுத்துச்சுங்க. அதான் ரெண்டக் கழட்டித் திருப்பி மாட்டிப்போட்டேன்."

"அதென்னுங்க, யாரு அப்படி மாட்டுனது?" என்று கிருபாசங்கர் என்னைப் பார்த்தார்.

ஆட்டம் செல்லாது என்று நான் சொல்லலாம். போட்டியில் கை வைத்தாய் என்று கத்தலாம். அதற்கு முதலில், நான் கை வைத்ததைச் சொல்ல வேண்டும்.

"யாராச்சும் தெரியாதவங்க மாட்டிருப்பாங்க" என்றாள் அவள். "இருவது வருஷமா பம்ப்பு டிராயிங் போடறவருங்க. எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் தள்ளும்னு இவருக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும், தெரியும்" என்று தலையை ஆட்டினேன்.

"தம்பிதுரை கெட்டிக்காரருங்க" என்று கிருபாசங்கர் என் முதுகில் தட்டினார். வாழ்க்கையில் இவ்வளவு வலித்த பாராட்டு வேறில்லை.

வெள்ளிக்கிழமை ஏசி தையல் அறையில் ஏறியது. நியாயமாகச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் அன்றிலிருந்து ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை. டிராயிங்குகள் குறித்த நாளுக்கு முன்பே போய்விடுகின்றன. கம்பெனியில் வரையப் புதிதாக இரண்டு பம்ப் மாடல் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சௌக்கியம். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான்தான் உருகிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் தாங்க முடியாமல் தையல் அறைக் கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தேன்.

"கதவச் சாத்துங்க, குளிரு போகுது!"

"கண்ணு, வேலை முடிஞ்சுது. நானும் ஒரு ஓரமா..."

"வாங்க, தாராளமா உக்காருங்க. சும்மா உக்காந்திருக்க உங்களுக்கே சங்கடமா இருக்குமுங்க" என்று ஒரு ஊசியையும் ஒரு டப்பா ஹூக்கையும் கையில் கொடுத்தாள்.

நேற்று பிளவுஸ் வாங்க வந்த மெர்சி டீச்சர், மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்த என் முதுகைப் பார்த்து, "ஹூக் தைக்க ஆள் போட்டுட்டீங்களா லோகு?" என்று கேட்டார்.

"ஆமாங்க டீச்சர்" என்றாள் என் மனைவி. "சம்பளமே வேண்டாம், ஏசி இருந்தாப் போதும்னு வந்துட்டாருங்க."