வாத்தியாரின் வலது கால்

சாலையைக் கடந்தது ஒரு காகிதப் பைதான். ஆனாலும் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரின் வலது கால் அவரைக் கேட்காமலேயே பிரேக்கில் ஏறி மிதித்தது. எட்டு மாத வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, பிரசவத்தை இங்கேயே முடிச்சுடலாம்னு இருக்கீங்களா?"

கைப்பேசி சிணுங்கியது. 'கடுமையான பிரேக். இன்றைய மதிப்பெண் முப்பத்தெட்டு.'

நகரத்தின் நடுவே குடிவந்ததிலிருந்து காருக்கான இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறிவிட்டது. குறைக்க ஒரே வழிதான் இருந்தது. கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டியைக் காரில் மாட்ட வேண்டும். ஓட்டும் லட்சணத்தைப் பார்த்து அது மார்க் போடும். மாதக் கடைசியில் சராசரி எண்பதைத் தொட்டால் பாதிக் கட்டணம் தள்ளுபடி. தொடாவிட்டால் காரை விற்க வேண்டும். வலி எடுக்கும் நேரத்தில் தெருவில் நின்று வாடகை வண்டிக்குக் கை காட்ட வேண்டியதுதான்.

"ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்கிறவருக்கு முப்பத்தெட்டா!"

"கண்டவன் ஓட்டுறதுக்கெல்லாம் பக்கத்து சீட்டில உக்காந்து பிரேக் போட்ட கால்டி இது. சொன்னா கேக்குமா?"

மறுநாள் பிரேக்கே தேவைப்படாத வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். முந்திக்கொண்டு போன சைக்கிள்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. பொறுமை இழந்த ஒரு வேன் குறுக்கே வெட்டியது. கால் ஏறியது. முப்பத்தொன்று.

விடியுமுன் காலிச் சாலையில் ஓட்டினால்? 'தூக்கம் கலையாத நேரப் பயணம்' என்று பெட்டி பத்து மார்க்கை வெட்டியது. போதாக்குறைக்கு, விளக்குக் கம்பத்தின் நிழலைப் பார்த்தும் கால் ஏறியது. இருபது!

"பேசாம தம்பியை ஓட்டச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

அக்காவுக்கு ஒத்தாசையாக வந்த மச்சினன், வந்த நாளிலிருந்து சோபாவை விட்டு எழுந்ததை வாத்தியார் பார்த்ததில்லை.

"இவனா? சாப்பாட்டுத் தட்டையே நேரா பிடிக்கத் தெரியாதே!"

"எங்கப்பா வேனையே ஓட்டினவன் அவன்."

"நான் ரெடி அத்தான்" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது.

கதவைச் சாத்துமுன்பே மச்சினன் பெல்ட்டைப் போட்டான். மஞ்சள் விளக்குக்கே நின்றான். ஹாரனைத் தொடவே இல்லை. பெரிய சந்திப்பு கண்ணில் பட்டதுமே சந்துக்குள் திரும்பிவிட்டான்.

"ஏன்டா சுத்திப் போறே?"

"சந்துல நிழலா இருக்கும் அத்தான்."

கைப்பேசி சிணுங்கியது. தொண்ணூற்றாறு. வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டி பழுதோ என்று அதைத் தட்டிக்கூடப் பார்த்தார். மறுநாள் தொண்ணூற்றெட்டு.

சராசரி எண்பதை எட்டிய அன்று மச்சினனை டிரைவிங் ஸ்கூலுக்கே அழைத்துப் போனார். அவனை ஓட்டவிட்டு, மாணவர்களை வேடிக்கை பார்க்கவைத்தார்.

"பாத்துக்குங்க. இத்தனை வருஷம் கத்துக்கொடுத்த நானே இவன்கிட்டதான் கத்துக்கணும்!"

மச்சினன் நெளிந்தான். "வேண்டாம் அத்தான். விஷயம் வெளியில பரவிடப் போகுது."

"அடக்கத்தைப் பாருங்கய்யா!"

மாதக் கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெண் அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், முதல் டிரைவரா உங்க மச்சினன் பேரைப் போட்டுட்டா தள்ளுபடி பாதிக்கு மேலயே வரும்."

"போடுங்க மேடம்! பொறுப்பு முழுக்க என்னோடது" என்று வாத்தியார் கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினார். மனைவி வயிற்றைத் தடவி, "கேட்டியா, உனக்குக் கார் நிச்சயம்" என்றாள்.

அதிகாரி அம்மா மச்சினன் பக்கம் திரும்பினார். "இந்த நகரத்துல யாரும் இவ்வளவு மார்க் வாங்கினதில்ல தம்பி. என்ன ரகசியம்?"

"பயம்தான் மேடம்."

"விபத்து பயமா?"

"சேச்சே!" மச்சினன் பாசத்தோடு வாத்தியாரைப் பார்த்தான். "லைசென்ஸ் இல்லாம ஓட்டி நான் போலீஸ்ல மாட்டினா, டிரைவிங் ஸ்கூல் நடத்துற எங்க அத்தான் மானம் என்னாகுறது?"