தியேட்டருக்கு வயது இருநூற்றுப் பத்து

"இந்தத் தியேட்டர் கட்டி எத்தனை வருஷம் ஆச்சுன்னு உனக்காவது தெரியுமா?" என்று மேனேஜர் காலையிலிருந்து நாலாவது ஆளிடம் கேட்டார்.

புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் நிமிரவில்லை. "அறுபத்திரெண்டு சார். முதல் ஷோவுக்கு டிக்கெட் கிழிச்சதே எங்கப்பாதான்."

அறுபத்திரண்டு போதாது. 'தியேட்டர் வளாகத்தில் உள்ள பாழடைந்த கட்டடம் முப்பது நாட்களில் இடிக்கப்படும்' என்று நகராட்சி நோட்டீஸ் வந்திருந்தது. பாழடைந்தது என்றதும் எந்தக் கட்டடம் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நூறு வயது தாண்டியிருந்தால் அது தொல்லியல் சின்னம், யாரும் கை வைக்க முடியாது. இல்லையென்றால் மேனேஜர் குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு வேலை தேட அவருக்குத் தெம்பில்லை.

"இடிக்கட்டுமே, மூட்டைப்பூச்சியாவது ஒழியும்" என்றாள் மனைவி.

"கூடவே நம்ம சோறும் ஒழியும்" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் கொத்தனாரைத் தேடிப் போனார். நூற்றுப் பத்து வருடத்துக்கு முந்தைய தேதியோடு ஒரு கல்வெட்டு வேண்டும், அவ்வளவுதான்.

கொத்தனாருக்குத் தாராள மனசு. இருநூற்றுப் பத்து வருடம் பின்னால் போய்ச் செதுக்கி, வாசலில் பதித்தும் விட்டார்.

"ஏன்யா இப்படிப் பண்ணே?"

"பொய்னு ஆயிப்போச்சு. இன்னும் ஒரு நூறு இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான்."

கல்லைப் பெயர்க்க நேரமில்லை. வயதைச் சரிபார்க்கத் தொல்லியல் அதிகாரி வந்து இறங்கிவிட்டார்.

"அப்போ சினிமாவே கிடையாதே?"

"நாடகம் போட்டாங்க சார்."

"அந்தக் காலத்துல இங்க ஏரிதானே இருந்துச்சு?"

மேனேஜர் தலையாட்டினார். "ஆமா சார். ஜனங்க படகுல உக்காந்துதான் நாடகம் பாத்தாங்க."

அதிகாரி அதை மரியாதையாக எழுதிக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து, படகு எங்கே என்று கேட்டார்கள். வாய் சும்மா இல்லாததற்கு முதுகு அனுபவித்தது. மேனேஜரும் ஆபரேட்டரும் எங்கிருந்தோ ஒரு ஓட்டைப் படகைத் தூக்கிவந்து டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் போட்டார்கள். அதிகாரி மறுபடி வந்து, படகை அளந்து, அதற்கும் ஒரு நம்பர் கொடுத்தார். மேனேஜர் சரியாகத் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. வளாகம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட சின்னம், இனி எந்தக் காலத்திலும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது. மேனேஜர் படித்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஒளிக்கக்கூடத் தெம்பில்லாமல் அழுதார்.

உத்தரவைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நகராட்சி பியூன் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"எல்லாம் சரி சார், ஆறு வருஷமா நீங்க மனு மேல மனு போட்டுத்தானே பின்னாடி இருக்கற கக்கூஸை இடிச்சுப் புதுசு கட்ட அந்த நோட்டீஸே வந்துச்சு, அதை எதுக்கு சார் தடுத்தீங்க?"