வாட்ச்மேன் இடுப்பை மூன்று முறை அளந்த காரணம்

அன்பும் அறிவும் நிறைந்த, அதிலும் அறிவு கொஞ்சம் கூடுதலாகவே நிறைந்த என் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தையல் மெஷின் மூவரும் ஒருவாறு நலம். நீ மாற்றிவிட்டுப் போன கம்ப்யூட்டர் எங்கள் மூவரையும்விட நலம், அதற்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உன்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

போனில் சொல்லலாம்தான். மூன்றாவது வாக்கியத்தில் "அக்கா, மீட்டிங்" என்பாய். கடிதத்துக்கு அந்த வம்பு இல்லை, உன் மீட்டிங் முடியும்வரை மேசைமேல் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். பேண்ட் வெட்டுவதற்கு அளவு வரையும் பழுப்புத் தாளில் எழுதுகிறேன். மடிப்பு இருக்கிற இடத்தில் எழுத்து கோணினால் அது தாளின் குறை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பின் குறை மற்ற எல்லா இடத்திலும் இருக்கும், பார்த்துப் படித்துக்கொள்.

போன முறை நீ வந்தது மூன்று நாள். அதில் இரண்டரை நாள் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, "ஒண்ணும் தெரியாத வீட்டு ஆளுங்களுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது" என்று உன் சிநேகிதன் ஒருவனிடம் போனில் விசாரித்துக்கொண்டே இருந்தாய். ஒண்ணும் தெரியாத ஆளில் ஒருத்தி நாலடி தள்ளி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள், உனக்குத் தெரியவில்லை. ஒரு சிஸ்டம் பார்க்க லட்சணமாக இருக்குமாம், நம் வீட்டுக் கிழட்டுப் பெட்டி அதைத் தாங்காதாம். இன்னொன்று, ஏற்கெனவே இருந்தது, தாங்குமாம், ஆனால் வேலைக்கு நடுவில் வந்து "புதுப்பிக்கட்டுமா, புதுப்பிக்கட்டுமா" என்று பிடுங்குமாம். மூன்றாவது ஒன்று வாயே திறக்காதாம், வைரஸ் அண்டாதாம், சும்மா கிடைக்குமாம், வயசானவர்களுக்குப் பழகத்தான் நாளாகுமாம், கடைசியில் அதைத்தான் போட்டாய். பொண்ணு பார்க்கப் போனபோதுகூட நீ இவ்வளவு விசாரிக்கவில்லை. உன் பேச்சைக் கேட்டுக்கொண்டே தைத்ததில் எனக்கு ஒரு காலர் கோணிப்போனது, அதைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஆனால் இத்தனை விசாரித்த நீ ஒரே ஓர் ஆளை மட்டும் விசாரிக்கவில்லை. "அப்பா, நீங்க இதுல தினமும் என்னதான் செய்றீங்க" என்று ஒரு வார்த்தை. நான் ஒரு பேண்ட்டுக்கு ஒன்பது அளவு எடுக்கிறேன், அப்புறமும் உட்காருங்க, எழுந்திரிங்க என்று பார்க்கிறேன். நீ இஞ்சு டேப்பை வெளியிலேயே எடுக்காமல் ஒரு வீட்டுக்கே தைத்து மாட்டிவிட்டாய்.

சரி, மாற்றியதற்குக் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வருஷமாகச் சனிக்கிழமை வந்தால் பழைய சிஸ்டத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். ஒரு வாரம் சீட்டாட்டம் இருக்காது, ஒரு வாரம் எழுத்தெல்லாம் பூதம்போலப் பெரிதாகிவிடும், ஒரு வாரம் படம் தலைகீழாக நிற்கும், அப்பா கழுத்தைச் சாய்த்து அளவு படிப்பார். முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக எடை போட்டவர், ஒரு கிலோ பிசகியதில்லை. அவர் முதலில் "நான் ஒண்ணும் செய்யலம்மா" என்பார், கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எதையாவது தட்டியிருப்பேன் போல" என்பார். நானும் சும்மா இருப்பேனா, "லாரிய எடை போட்ட கை, லேசா தட்டுனாலே பெட்டி நசுங்குது" என்று கிண்டல் செய்வேன். எனக்கென்ன, நான் அதன் பக்கம் போவது தூசு தட்டுவதற்கு மட்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு நீ அங்கிருந்தபடியே இந்தப் பெட்டிக்குள் வருவாய். திரையில் அம்பு தானாக நகரும். அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, முன்னால் உட்கார்ந்திருப்பார். அம்பு அசைந்ததும், "வந்துட்டான்" என்பார். நான் மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். ஒன்றரை மணி நேரம், போன் ஸ்பீக்கரில்.

அதை ஒழிக்கத்தானே நீ வந்தாய். உன் சிநேகிதனிடம் நீ சொன்னதை நான் கேட்டேன். "இதுல அவங்க எதையும் கெடுக்கவே முடியாதுடா. அழிச்சாலும், மாத்துனாலும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நான் வெச்ச மாதிரியே வந்துரும். இனிமே என் சண்டே என்னோடது." சொல்லிவிட்டுச் சிரித்தாய், நல்ல சிரிப்பு, சின்ன வயசிலிருந்தே உனக்கு அது ஒன்றுதான் அழகு. அந்த நேரத்தில் பெடலில் இருந்த என் கால் நின்றுபோனது. நூல் அறுந்துவிட்டது என்று நினைத்து நீ திரும்பிப் பார்த்தாய். நூல் அறுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டிக்கொண்டே குனிந்த தலையோடு நீ சொன்னது: "அப்பா, ஏதாவது வெச்சுக்கணும்னா மட்டும் அந்தத் தனி ஃபோல்டர்ல போடுங்க." லேஸுக்குச் சொன்னாயோ அப்பாவுக்குச் சொன்னாயோ, ஆட்டோ வந்துவிட்டது.

இப்போது கேள், அப்பா அந்தப் பெட்டியில் என்ன செய்கிறார் என்று. என்னிடம் துணி தைக்க வருகிற ஒவ்வொருவர் அளவையும் நான் துண்டுச்சீட்டில் கிறுக்குவேன். சாயங்காலம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், இடுப்பு, தொடை, உயரம் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் சீட்டை நாலாகக் கிழித்து வெட்டுத்துணிப் பையில் போடுவார். எடைமேடையில் பழகியது, பதிவேறிய பின் சீட்டு இருந்தால் குழப்பம் என்பது அவர் சட்டம். நூற்று நாற்பது பேர் அளவு அப்படி வைத்திருந்தார். நீ அதையெல்லாம் பத்திரமாகப் புதிதுக்கு மாற்றித்தான் கொடுத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. நீ போன பிறகு வந்தவர்கள்தான் தங்கவில்லை. முதலில் காணாமல் போனது பேங்க் வாட்ச்மேன். காலையில் துணியை விரித்துவிட்டு அளவு கேட்டால் அப்பா தேடுகிறார், தேடுகிறார், வாட்ச்மேன் இல்லை. "ஏத்துனேனே" என்றார். "கனவுல ஏத்தியிருப்பீங்க" என்றேன் நான், என் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே. அந்த மனுஷனைக் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்தேன். அப்பா ஏற்றினார், கிழித்தார். காலையில் இல்லை. மூன்றாம் முறை இஞ்சு டேப்போடு போனபோது வாட்ச்மேன் கையை விரித்து நின்றபடி, "என்னம்மா, நான் இன்னும் வளர்றேனான்னு பாக்குறீங்களா" என்றார். நான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் சொல்லாமலே ஒரு வேலை செய்திருக்கிறார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில், "வாட்ச்மேன் ஏற்றியாச்சு. நர்ஸம்மா ஏற்றியாச்சு" என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. மறுநாள் எடுத்துப் பார்ப்பார். கையெழுத்து அவருடையது, பெட்டியில் ஒன்றும் இல்லை. சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் பதினேழு தாள் இருந்தது. "என்னப்பா இது" என்றால், "செய்யாததையெல்லாம் செஞ்சதா எழுதி வெச்சிருக்கேம்மா. கைக்கும் தலைக்கும் தொடுப்பு விட்டுப்போச்சு போல" என்கிறார், இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி.

தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டார், அப்பா சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், அப்பா தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று இறங்கி, டாக்டர் போதும் என்று கையைக் காட்டிய பிறகும் நிறுத்தாமல் இரண்டில் வந்து நின்று, "மிச்சம் ரெண்டு டாக்டர்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்து, "எனக்கே இவ்வளவு தூரம் வராதும்மா" என்று சிரித்துவிட்டு, சிரித்த வாயோடு ஒரு ஸ்கேனும் எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியைக் கழற்றி என் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்தார். "இனிமே நீ வெச்சுக்க. கேஸ் அடுப்பையும் நான் தொடல. திருப்புனேனா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்." டீயை அவர் கையால்தான் போட்டுக் குடிப்பார், உனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் போடுகிற டீயைக் குடிக்கிறார், நான் போடுகிற டீ எப்படி இருக்கும் என்பதும் உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் நர்ஸம்மா சுடிதார் அளவை அப்பா ஏற்றும்போது அவர் தோளுக்குப் பின்னால் நின்று எண் எண்ணாகப் படித்தேன். சாக்குக்கட்டியால் சுவரில் எழுதியும் வைத்தேன். அவர் பெட்டியை ஆஃப் செய்தார். காலையில் இருவரும் சேர்ந்தே திறந்தோம். சுவரில் நர்ஸம்மா இருக்கிறாள், பெட்டியில் இல்லை. "ஏம்ப்பா, ரெண்டு பேருக்கும் ஒரே ராத்திரியில மறதி வருமா" என்றேன். உடனே உனக்குப் போன். மீட்டிங். சாயங்காலம் நீ கூப்பிட்டுச் சொன்னது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது, எனக்கு மறதி கிடையாது: "அக்கா, அது அப்படித்தான் வேலை செய்யும், ஆஃப் பண்ணா புதுசா போட்டதெல்லாம் போயிரும். அதான் அதோட அழகே. நான்தான் ஃபோல்டர்ல போடச் சொன்னேனே." அந்த அழகுதான் ஒரு மனுஷனை மூன்று வாரமாக அரித்துக்கொண்டிருந்தது. நீ அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அதற்குள் உனக்கு இன்னொரு போன் வந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பழுப்புத் தாளை வீணாக்கியிருக்க மாட்டேன். ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தோம், இப்போது எல்லாரும் தங்குகிறார்கள், வாட்ச்மேன் உள்பட. ஆனால் அப்பா பெட்டியைத் தொடுவதில்லை. சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. "அது அவன் போட்ட சிஸ்டம்ப்பா, உங்க தல நல்லா இருக்கு" என்று பத்து தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். முந்தாநாள் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ என்னத் தேத்துறம்மா. சரி, இப்ப நடந்ததுக்கு அவன் சிஸ்டம் காரணம். போன வருஷம் பூரா சனிக்கிழம சனிக்கிழம நான் எதையோ தட்டிட்டு மறந்து நின்னேனே, அது யார் சிஸ்டம்?" நான் எழுந்து போய் டீ போட்டேன். என் வாயை அடைத்த முதல் ஆள் அவர்தான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இரண்டு. பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுக்கொடு, அது பிடுங்கினால் பிடுங்கட்டும். அப்புறம் அப்பாவிடம், "தப்பு என்னோடது, முழுசா என்னோடது" என்று உன் வாயால் சொல். படித்தவன் சொன்னால் அவர் நம்புவார். மற்றபடி நீயும் உன் வீட்டுக்காரியும் தவறிக்கூட எந்தப் பட்டனையும் தப்பாகத் தட்டாமல், தட்டினாலும் காலையில் எல்லாம் வைத்தபடியே திரும்பி வரும் பாக்கியத்தோடு, நீண்ட காலம் சௌக்கியமாக இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா.

பி.கு.: மடித்து உறையில் போட்டுவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். மேலே தூசு தட்ட மட்டும்தான் போவேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, சனிக்கிழமைகளில் கொஞ்சம் அழுத்தித் தட்டிவிட்டேன். சீட்டாட்டத்தைக் குப்பையில் இழுத்துப் போட்டது நான். எழுத்தைப் பூதமாக்கியது நான். படத்தைத் தலைகீழாக்கியது மட்டும் தற்செயல், ஆனால் அதற்கு நீ இரண்டு மணி நேரம் இருந்தாய், அதனால் அடுத்த மாதம் இன்னொரு முறை செய்தேன். சும்மா கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். பெட்டி கெட்டால்தான் அம்பு நகரும்போது நடுநடுவே, "அக்கா, இப்ப என்ன தைக்கிற" என்று கேட்பாய். அதற்காகச் செய்ததை அப்பா தன் தலைமேல் போட்டுக்கொண்டார், நான் பக்கத்தில் நின்று கிண்டலும் செய்தேன். ஆகவே உன் சிஸ்டம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். தப்பு முழுசாக உன்னுடையது என்றும் சொல்ல வேண்டாம், பாதி சொன்னால் போதும். மீதியை நான் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடு, ஸ்பீக்கரில் போடுகிறேன். நீயும் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் என்னைக் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார். பெட்டியில் ஒன்றும் கெடவில்லை, ஆனாலும் கூப்பிடு.