டார்லா குசேராவின் கடைசி நேர்முகம்

“எந்தப் பிள்ளைக்காக வந்திருக்கீங்க மேடம்? பெத்தவங்களுக்கு அந்த ஹால்ல காபியும் டோனட்டும் வச்சிருக்கோம்.”

பெல்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் இதைச் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். டார்லா குசேராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் நிறுத்தும் இடத்திலும் ஒருவன், “பெற்றோர் வண்டியெல்லாம் அந்தப் பக்கம்!” என்று கை காட்டியிருந்தான்.

டார்லாவுக்கு ஐம்பது நெருங்குகிறது. நசுங்கிய பம்பர் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்தே இன்சூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைத் தொலைத்தவள். கால்நடை டாக்டராகியே தீருவது என்று அந்த வேலையை உதறினாள். மகன் வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் படித்தாள். சனி, ஞாயிறு என்று பார்க்காமல் நாய்க்கூண்டு கழுவி ஒரு டாக்டரிடம் சிபாரிசு வாங்கினாள். இரண்டு தடவை விண்ணப்பித்தாள், இரண்டு தடவையும் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவதும் தவறினால் பெல்டன் பக்கம் தலைவைத்தே படுக்க முடியாது. அங்கே சட்டம் அப்படி.

“நான் எவனுக்கும் அம்மாவா வரல!” மேசையில் ஓங்கி அடித்தாள். “நேர்முகத்துக்கு வந்திருக்கேன்! முகத்துல நாலு சுருக்கம் இருந்தா உடனே அம்மான்னு முடிவு கட்டிடுவீங்களா?”

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “ஓ, அது நீங்கதானா! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். நேரா கடைசி ரூமுக்குப் போங்க.”

அப்படி வா வழிக்கு என்று டார்லா நடந்தாள்.

பெல்டனில் நேர்முகம் அறை அறையாக நடக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு சிக்கல் காத்திருக்கும். மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போகவேண்டும். என்ன சிக்கல் என்று முன்னால் மூச்சுவிட மாட்டார்கள்.

கடைசி அறையின் மூலையில் ஆஸ்ட்ராண்டர் என்ற பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைக் காட்டினார். டார்லா உட்கார்ந்ததும் புது டை கட்டிய பையன் ஒருவன் உள்ளே வந்தான்.

“மேடம், ரொம்ப மன்னிக்கணும். உங்க நாயைத் தெரியாம மொட்டை அடிச்சுட்டோம்.”

“என்கிட்ட நாயே கிடையாதே!”

பையன் டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “நீங்க கோபமா இருக்கீங்கன்னு புரியுது மேடம்.”

“என்னத்தடா புரியுது உனக்கு? வாசல்லேர்ந்து எரிஞ்சுட்டு வர்றேன். என்னைச் சோதிக்க உன்னையா அனுப்பினாங்க? மீசை முளைச்சுதா உனக்கு?”

மணி அடித்தது. பையன் கண் கலங்கி வெளியேறினான். டார்லாவும் அடுத்த அறைக்கு எழுந்தாள்.

“நீங்க இங்கேயே இருங்க. அவங்க உங்களைத் தேடி வருவாங்க” என்றார் ஆஸ்ட்ராண்டர்.

ஓகோ, கிழவிக்கு நடக்க முடியாது என்று சலுகை காட்டுகிறார்களா? டார்லா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தியது தப்போ என்ற பயமும் வந்தது. அடுத்து வந்த பெண்ணும் அதே மொட்டை நாய்க்கு மன்னிப்புக் கேட்டாள். டார்லா குரலைத் தணித்து, “பரவால்லம்மா, முடிதானே, வளந்துடும்” என்றாள்.

அந்தப் பெண் போனதும் ஆஸ்ட்ராண்டர் முகம் சுளித்தார். “என்னங்க, இப்படி உப்புச் சப்பில்லாம பேசறீங்க? முதல் பையன்கிட்ட காட்டின காரம் எங்க போச்சு?”

அப்புறம் வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஒருவன் கதவருகிலேயே நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினான். தொண்டை கட்டிப்போன டார்லா கடைசியில் ஆஸ்ட்ராண்டர் பக்கமே திரும்பினாள்.

“சார்! நான் இங்க படிக்க வந்தவ! இது எனக்குக் கடைசி வாய்ப்பு! காலையிலேர்ந்து ஒருத்தராவது என்னை ஒரு கேள்வி கேட்டீங்களா? ஏன் இந்த வயசுல வர்றேன்னாவது கேட்டீங்களா?”

ஆஸ்ட்ராண்டர் எழுந்து நின்று கைதட்டினார். “பிரமாதம்! சொல்லிக்கொடுக்காத வசனமெல்லாம் கொட்டுது. பிள்ளைங்களைச் சோதிக்கக் கோபக்கார வாடிக்கையாளரா வர்ற நடிகைங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், உங்களுக்கு ஈடு கிடையாது.”

“நடிகையா? யோவ், நான் நடிகை இல்லய்யா! டார்லா குசேரா!”

“விடவே மாட்டேங்கறீங்களே!” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குள் நீளமாக மணி அடித்தது. நேர்முகம் முடிந்தது. டார்லா வெளியே ஓடினாள். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. டை கட்டிய பையன்களை அம்மாக்கள் கட்டிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் ஒரு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை வந்தது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். வேலையும் போய், படிப்பும் போய், கடைசியில் ஊர்ப் பிள்ளைகளை அழவைத்ததுதான் மிச்சம். ஒருத்தராவது அவளை நம்பியிருக்கலாம்.

டார்லா வயதுப் பெண்மணி ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“நீங்களும் வேஷம் கட்டத்தான் வந்தீங்களா? என்னை ‘வாங்க டார்லா’ன்னு கூப்பிட்டு ரூம் ரூமா உக்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க. சரி, இதான் நமக்குக் குடுத்த வேஷம்னு நானும் வாய்க்கு வந்ததை அடிச்சுவிட்டேன். கடைசியில காலேஜ் டீனாம் ஒருத்தர், கையைப் புடிச்சுக்கிட்டு, ‘உங்க வயசுக்கே உரிய இந்த நிதானம்தாம்மா எங்களுக்கு வேணும், சீட்டு உங்களுக்குத்தான், ஆகஸ்ட்ல வந்து சேந்துடுங்க’ன்னு கண்ணைத் தொடைக்கிறார், ஏங்க, அந்தாளும் நம்மள மாதிரி நடிகர்தானே?”