டிங்டிங் சேரின் வலது செருப்பு

மாத்தளை மாவட்டத்தில் மனைவிக்குப் பயந்தவர்கள் உண்டு, மேலதிகாரிக்குப் பயந்தவர்கள் உண்டு, ஒரு தெருநாய்க்குப் பயந்து ஊரையே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. சொந்தக் காருக்குப் பயந்து, அது சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் கேட்டு வாழ்ந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் டிங்டிங் சேர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. யட்டவத்தையில் எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பகுதிக்கு அவர் தலைவர். நான் அதே பகுதியில் ஒரு மூலை. அவர் வீடு உக்குவளையில், என் வீடு மாத்தளை டவுனில். காலையில் யட்டவத்தை பஸ்ஸில் ஏறுவது ஒரு வேலை, இறங்குவது இன்னொரு வேலை, அதன் பிறகுதான் சம்பளம் வாங்குகிற வேலை. அப்படியிருக்க, ஒருநாள் சேர் வந்து, "தங்கச்சி, நான் கார் எடுத்திருக்கேன். நாளையிலருந்து நம்ம கூடவே வாங்களேன்" என்றார். யோசிக்காமல் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் தலையாட்டிய சந்தர்ப்பங்களில் கல்யாணத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

அவர் ஆசைக்காக வாங்கிய கார் இல்லை அது. அவருடைய மனைவி சரசு அக்கா எல்கடுவையில் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். ஒருநாள் காலையில், கரும்பலகையில் பாதி வரி எழுதிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் இழுத்து விழுந்துவிட்டார். உயிர் தப்பியது. கையும் காலும் பேச்சும் பாதியாக நின்றுவிட்டன. சனிக்கிழமை தோறும் கண்டிக்கு பிசியோதெரபிக்கு வரவேண்டும், விடாமல் வந்தால் நடப்பார், நடுவில் விட்டால் கை அப்படியே மடங்கிவிடும் என்று டொக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கண்டி பஸ்ஸின் படி இருக்கிற உயரத்துக்கு நல்ல சுகத்தோடு இருப்பவர்களே கைலாகு கேட்பார்கள். அதனால்தான் கார்.

ஜப்பானில் ஓடி அலுத்த சின்ன வெள்ளைக் கார். முன்கண்ணாடியின் உச்சியில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கெமரா. முதல் நாளே எனக்கு வகுப்பு எடுத்தார்.

"இதுக்குக் கண்ணு இருக்கு தங்கச்சி. கோட்டத் தாண்டினா சொல்லும். குறுக்க ஆள் வந்தா சொல்லும். சொல்லியும் நான் கேக்கலன்னா அதுவே பிரேக் போட்டு நிப்பாட்டிரும்."

"அப்ப நீங்க எதுக்கு சேர்?"

"கதவத் தொறக்க" என்றார், சிரிக்காமல்.

அந்தக் கண் கோடு போட்ட ரோட்டில், கடக்க வேண்டிய இடத்தில் மட்டும் கடக்கிற மனிதர்களைப் பார்த்து வளர்ந்த கண். அதை யட்டவத்தை ரோட்டில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? இடப்பக்கம் த்ரீவீல், வலப்பக்கம் முந்துகிற பஸ், நடுவில் குடும்பத்தோடு படுத்திருக்கும் நாய். மாத்தளையில் தொடங்கிய 'டிங்' அலுவலக வாசலில்தான் நிற்கும். நடுநடுவே ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் பணிவாகக் கெஞ்சும். என்ன கெஞ்சுகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சேர் மட்டும் "சரிம்மா, சரிம்மா" என்று பதில் சொல்லிக்கொண்டு வருவார்.

மற்றவர்கள் இந்த மாதிரிக் கார் வாங்கினால் முதல் வேலையாக கராஜுக்குக் கொண்டுபோய்ச் சத்தத்தை அறுத்துவிடுவார்கள். நானும் மண்டையிடியோடு அதைத்தான் சொன்னேன்.

"டொக்டர் சொல்றது புடிக்கலன்னா டொக்டர் வாயக் கட்டுவாங்களா?" என்று கேட்டார். அதோடு என் வாய் கட்டப்பட்டது.

கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் அவருக்குள்ளும் புகுந்துவிட்டது. யாராவது தேநீர்க் கோப்பையோடு அவர் மேசையை உரசிப் போனால் "டிங்." கோப்பில் கூட்டல் பிழை கண்டால் "டிங் டிங்." பெரிய அதிகாரி ஒருமுறை பின்னோக்கி நடந்து வந்து இவர்மேல் மோதப் பார்த்தபோதும் அதே மரியாதைதான். பெயர் அப்படி வந்தது.

கோப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காரின் திரையில் சில சமயம் ஒரு கோப்பைப் படம் வரும். ஓட்டுகிறவர் தூக்கக் கலக்கத்தில் வளைந்து வளைந்து ஓட்டுகிறார், நிறுத்தி இளைப்பாறட்டும் என்று அதற்கு அர்த்தம். சேர் வளைந்தது குழிக்குத்தான், தூக்கத்துக்கு இல்லை. எங்கள் ரோட்டில் நேராக ஓட்டுகிறவனைத்தான் தூங்குகிறான் என்று சந்தேகப்பட வேண்டும். ஆனாலும் கோப்பை வந்தால் சேர் நிறுத்துவார். "கார் டீ கேக்குது தங்கச்சி, எறங்குங்க." எந்தக் கடையானாலும் ஆளுக்கொரு பிளேன்டீ. அலுவலகம் போய்ச் சேரும்போது வயிறு குளமாகியிருக்கும், வரவுப் பதிவில் லேட் என்று சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

எல்கடுவையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனது அதைவிடக் கேவலம். மலைப்பாதை, ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் ரோட்டோரம் வரிசையாக நடக்கிறார்கள். கார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகப் பதறி, தனித்தனியாக பிரேக் போட்டது. கடைசியில் அந்தப் பெண்களே எங்களை முந்திப் போனார்கள். அதில் ஒரு அம்மா குனிந்து ஜன்னலால் பார்த்து, "ஐயாவுக்கு ஒடம்புக்கு முடியலங்களா?" என்று கேட்டார். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, இலை எடுக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

இன்னொரு கிறுக்கும் அவருக்கு இருந்தது. செருப்பைத் தொலைப்பார். அதுவும் வலது செருப்பை மட்டும். மேசைக்கடியில் கிடக்கும், படிக்கட்டில் கிடக்கும், சாப்பாட்டு அறை வாசலில் கிடக்கும். இவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு நடந்து போய்க்கொண்டிருப்பார். "சேர், ஒரு கால் கோயிலுக்குப் போகுது, மத்தது ஒப்பீசுக்குப் போகுது" என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் குனிந்து பார்த்து, அப்போதுதான் தெரிந்தவர் போல, "அட" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சரசு அக்கா தடியூன்றி நிற்கத் தொடங்கியதும் காருக்கு ஒரு பூசை போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோயிலில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, ஐயர் முடித்த பிறகு சேர் ஒரு அம்மன் ஸ்டிக்கரை எடுத்து மனைவியிடம் நீட்டினார். இழுத்துக்கொண்ட அந்த வலது கையை அக்கா தானே தூக்கினார். நடுங்கி நடுங்கி மேலே போனது. சேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, முன்கண்ணாடியின் உச்சியில் நட்டநடுவில் ஸ்டிக்கரை வைத்து அழுத்தினார். விழுந்த பிறகு அந்தக் கை செய்த முதல் வேலை அதுதான். "அம்மனுக்கு ரோடு நல்லாத் தெரியணும்ல" என்றார் சேர். அவர் குரல் உடைந்திருந்தது.

அடுத்த நாளிலிருந்து கார் வாயே திறக்கவில்லை.

டிங் இல்லை, கெஞ்சல் இல்லை, கோப்பை இல்லை. பஸ் உரசிக்கொண்டு போனாலும் அமைதி. அம்மன் வந்ததும் கார் அடங்கிவிட்டது என்று சேருக்கு ஒரே பூரிப்பு. புதிதாக வந்தது ஒன்றுதான்: ஸ்டார்ட் பண்ணியதும் திரையில் மஞ்சள் நிறத்தில் ஜப்பான் எழுத்து இரண்டு வரி. "காலை வணக்கம் சொல்லுது" என்று சேர் முடிவு கட்டினார். தினமும் அதற்குத் தலைகுனிந்து "குட் மோர்னிங்" சொல்லிவிட்டுத்தான் காரை எடுப்பார். பிரேக் பிடித்து நிற்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, நான் ஒன்னுமே செய்யல, தானா நின்னுச்சு" என்பார். ஆனால் நிற்கிற இடம் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை பஸ்ஸின் பின்புறத்தை முத்தமிட்டு நின்றது. ஒருமுறை அலுவலக கேட் தூண். "தூண் மனுசன் இல்லயே, அது கணக்கெடுக்காது" என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். நான் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வரப் பழகினேன்.

எங்கள் அலுவலகத்து நிலூகா அப்போது ஜப்பானுக்கு வேலைக்குப் போக அந்த பாஷை படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பஸ் வராததால் எங்கள் காரில் திரும்பினாள். சேர் ஸ்டார்ட் பண்ணினார், தலைகுனிந்தார், கார் நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த நிலூகா கையிலிருந்த பையைக் கீழே போட்டாள்.

"அனே சேர்," என்று தொடங்கி சிங்களத்தில் சொன்னாள்: "கெமராவுக்கு முன்னால எதுவோ மறைக்குதாம். கண் தெரியலயாம். பாதுகாப்பு வசதி ஒன்னும் இப்ப வேலை செய்யாதாம்."

சேர் ஒரு தேநீர்க் கடை முன்னால் ஓரங்கட்டினார். மெதுவாகத் தலையைத் தூக்கி ஸ்டிக்கரைப் பார்த்தார். அம்மன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூசை அன்னையிலருந்தா?" என்றார்.

"அப்ப இவ்வளவு நாளா பிரேக் போட்டது யாரு?"

"நீங்கதான் சேர். வேற யாரு?"

"நான் போடலயே தங்கச்சி." குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல்தான் இருந்தது. வெறுங்கால். செருப்பு எங்கோ அலுவலகத்தில் கிடந்தது. "இந்தக் காலுக்கு ஒன்னும் தெரியிறதில்லம்மா. சுகர். ரொம்ப நாளாச்சு. அமுக்குறேனா, அமுக்கலையான்னே எனக்குத் தெரியாது. அதுக்காகத்தான் தானா நிக்கிற காரா தேடி வாங்கினேன்."

உணர்ச்சியே இல்லாத ஒரு காலும் கண்ணே இல்லாத ஒரு காரும் சேர்ந்து என்னைத் தினமும் ஏற்றி இறக்கியிருக்கின்றன. கத்த வேண்டும் போலிருந்தது. அதைவிட, இத்தனை நாள் அந்தச் செருப்புக்காக நாங்கள் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"டொக்டருக்குச் சொன்னா கார் ஓட்டக் கூடாதும்பாரு," என்றார் சேர், கண்ணாடியைப் பார்த்தபடி. "அப்புறம் சனிக்கெழமைக்கு நான் என்ன செய்வேன்? நடக்க ஆரம்பிச்சிருக்கா தங்கச்சி. இப்பத்தான்."

என்னிடம் ஒரு லைசன்ஸ் இருந்தது. பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. "தள்ளுங்க சேர்" என்றேன். யோசிக்காமல் செய்த மூன்றாவது காரியம். அன்று நான் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி நிலூகாவிடம் கேட்காதீர்கள். மாத்தளையில் இறங்கியவள் குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். என் காலை இல்லை, ரோட்டை.

உக்குவளையில் சேர் வீட்டில் அடுத்த ரகளை. ஸ்டிக்கரைப் பற்றி மனைவியிடம் சொல்லவே கூடாது என்று சேர் ஒற்றைக்காலில் நின்றார். "அவ கையால ஒட்டினது. நான் உரிக்க மாட்டேன். கார் குருடாவே இருக்கட்டும்." நாங்கள் வாசலில் கிசுகிசுப்பதைக் கேட்டு அக்காவே தடியோடு வந்துவிட்டார். நான் உள்ளதைச் சொன்னேன், காலைப் பற்றியும் சேர்த்து. சேர் என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார். அக்கா அவர் காலைப் பார்த்தார். பிறகு காரிடம் போய் நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினார். வாய் ஒருபக்கம் கோணி, வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"அம்மனுக்கு... எங்க இருந்தாலும் தெரியும். கெமராவுக்கு... அப்பிடியில்ல."

அன்றிலிருந்து கண்டிக்குக் கார் ஓட்டுவது நான், என் சனிக்கிழமைகள் நாசம். கெமராவுக்குக் கண் வந்த நிமிடமே பழைய டிங் வந்துவிட்டது, அதுவும் இப்போது என் காதுக்குள். அது போதாதென்று இடப்பக்கத்தில் சேர். கார் சொல்வதற்கு முன்னால் இவர் சொல்லியாக வேண்டும். நாய்க்கு ஒரு டிங், த்ரீவீலுக்கு ஒரு டிங், என் பெருமூச்சுக்கு ஒரு டிங். கோப்பைப் படம் வந்தால் நிறுத்தாமல் விடமாட்டார். நடுவில் அவருடைய அந்த வலது காலில் ஒரு முள் குத்தி, அது தெரியாமலே புண்ணாகி, இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சனிக்கிழமையே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "லேட்டாயிட்டீங்க தங்கச்சி" என்றார். இந்த மனிதரைத் திருத்த ஒருவராலும் முடியாது, நான் கைவிட்டுவிட்டேன்.

போன வாரம் நான் ஹோர்ன் அடித்ததும் சேர் வாசலைத் தாண்டி காரை நோக்கி விந்தி விந்தி வந்தார். பின்னால் அக்கா. பாதி வழியில் அவருடைய வலது செருப்பு கழன்று கிடந்தது. சேர் வழக்கம் போல ஒன்றும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். நான் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட வாயெடுத்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், கோணலாக, மெதுவாக: "டிங்."

சேர் நின்றார். திரும்பினார். அக்கா தடியை மதிலில் சாய்த்துவிட்டு, ஒன்றையும் பிடிக்காமல், குனிந்தார். முழுதாகக் குனிந்தார். அந்த வலது கையால் செருப்பை எடுத்து, அவர் காலடியில் வைத்து, காலை அதற்குள் நுழைத்துவிட்டார். கண்டி டொக்டர் இத்தனை நாளாகச் செய்யச் சொல்லிக் கெஞ்சியது அந்தக் குனிதலைத்தான். சேர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்த ஸ்டிக்கர் இப்போது உள்பக்கம், என் முன்னால், டாஷ்போர்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து அம்மனுக்கு ரோடு தெரியாது. எங்கள் மூன்று பேரைத்தான் தெரியும். இந்த மனிதரிடமிருந்து எனக்கு எப்போதம்மா விடுதலை என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடம் கேட்கிறேன். அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று, மனதுக்குள் மட்டும்தான் கேட்கிறேன்.